அடுத்த மாதமே ஞானஸ்நானம் கிடைக்காதா?

கேள்வி: அக்கா, எனக்கு 36 வயது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். வீடு திருமங்கலத்தை அடுத்த கிராமம். இரண்டு வருடமாக ஞாயிறு திருப்பலிக்குப் போகிறேன். கத்தோலிக்கராக வேண்டும் என்று பங்குத்தந்தையிடம் கேட்டால், 'வகுப்பில் சேருங்கள், அடுத்த ஈஸ்டருக்கோ அதற்கடுத்த ஈஸ்டருக்கோ பார்க்கலாம்' என்கிறார். எங்கள் தெருவில் செபக்கூடம் நடத்தும் போதகரோ வருகிற ஞாயிறே ஞானஸ்நானம் கொடுக்கத் தயாராக இருக்கிறார். என் விசுவாசத்தைச் சந்தேகப்படுகிறார்களா? கணவர் தடுக்கவில்லை, கூட வருவதுமில்லை. மாமியாருக்கு இன்னும் தெரியாது. மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வம் கோயிலுக்குப் போகாமல் இருக்க முடியாது. தாலியைக் கழற்ற வேண்டுமா? பெயரை மாற்ற வேண்டுமா? நாங்கள் பட்டியல் சாதியினர், ஒன்பது வயது மகளின் சலுகை என்னாகும்? தெரியாமல் ஒருமுறை திருப்பலியில் வரிசையில் நின்று நற்கருணை அப்பத்தையும் வாங்கிவிட்டேன்.
– வாசகி, திருமங்கலம் வட்டாரம்

பதில்: வயதுவந்தோரைத் திருமுழுக்குக்குத் தயாரிக்கும் வேதியர் (மறைக்கல்வி ஆசிரியர்), மதுரை

அன்புத் தங்கைக்கு,

கேட்க வேண்டிய எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டீர்கள். முதலில் உங்கள் கோபத்துக்குப் பதில் சொல்கிறேன். அது தீராமல் மற்றதெல்லாம் காதில் ஏறாது.

உங்கள் விசுவாசத்தை யாரும் சந்தேகப்படவில்லை. காத்திருக்கச் சொன்னது உங்கள் பங்குத்தந்தையின் சொந்த யோசனையும் அல்ல. வயதுவந்த ஒருவர் திருமுழுக்கு, அதாவது நீங்கள் கேட்கும் ஞானஸ்நானம், பெற வேண்டுமென்றால் அவர் தானாக விரும்பிக் கேட்டிருக்க வேண்டும், விசுவாசத்தைப் போதிய அளவு கற்றிருக்க வேண்டும், கிறிஸ்தவ வாழ்க்கையைக் கொஞ்ச காலம் வாழ்ந்து பார்த்திருக்க வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம். 14 வயது நிறைந்த யாருக்குத் திருமுழுக்குக் கொடுப்பதென்றாலும் அதை ஆயரின் (பிஷப்பின்) கவனத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயினில் ஆயர்கள் கூடிய எல்விரா சங்கம் இரண்டு ஆண்டுத் தயாரிப்பு வேண்டும் என்றது. பிற்காலத்தில் இந்த வழக்கம் மங்கிப்போனது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் அதை மீட்டெடுக்கச் சொல்லி, 1972இல் வயதுவந்தோருக்கான புகுமுகச் சடங்கு நூல் வெளிவந்தது. இன்று எங்கள் வகுப்புகள் அதன்படிதான் நடக்கின்றன.

ஏன் இவ்வளவு நாள் என்று கேட்பவர்களுக்கு வேதியர்கள் பலரும் 'நிறையப் படிக்க வேண்டியிருக்கிறது' என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு அந்தப் பதில் பிடிப்பதில்லை. படிப்பதற்கு ஒரு வருடம் தேவையில்லை, கெட்டிக்காரர் இரண்டு மாதத்தில் முடித்துவிடுவார். 'எனக்கு வேண்டாம்' என்று சொல்லிவிட்டுத் தலைநிமிர்ந்து போவதற்கு உங்களுக்கு நேரம் கொடுக்கத்தான் இந்தக் காலம். யாரையும் அவருடைய மனச்சான்றுக்கு எதிராகக் கத்தோலிக்கராக்கக் கூடாது என்பது சட்டமாகவே இருக்கிறது. என் வகுப்பில் பாதியில் நின்றுபோனவர்கள் உண்டு. அவர்களில் சிலர் இன்றும் எங்கள் பங்குக் கோயில் திருவிழாவுக்கு வந்து என்னிடம் நலம் விசாரித்துவிட்டுப் போகிறார்கள். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றியிருந்தால் ஒருவேளை நான் இருக்கிற தெருவுக்கே வந்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் 2002இல் வந்து 2004இல் விலக்கப்பட்டது. அந்தச் சட்டம் போனாலும் அந்தச் சந்தேகம் போகவில்லை. யார் தூண்டினார்கள், என்ன கொடுத்தார்கள் என்று நாளைக்கு உங்கள் ஊரில் கேட்பார்கள். ஒரு வருடம் நாலு பேர் பார்க்க, ஞாயிறுதோறும் நடந்து போய் எடுத்த முடிவு என்பதுதான் அதற்கு நல்ல பதில். திருமுழுக்குக்குக் கட்டணம் கிடையாது. யாராவது கேட்டாலும் தவறு, உங்களுக்கு ஏதாவது தருகிறேன் என்றாலும் தவறு.

அந்தப் போதகரைப் பற்றி நான் குறைவாகப் பேசப் போவதில்லை. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் தண்ணீரில் பெற்ற திருமுழுக்கைக் கத்தோலிக்கத் திருச்சபை பொதுவாக ஏற்றுக்கொள்ளும், மறுபடி கொடுக்காது. வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். வருகிற ஞாயிறு அங்கே முழுகிவிட்டு இங்கே வந்தால், ஈஸ்டர் இரவில் உங்களுக்குத் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். நம்பிக்கை அறிக்கை சொல்லி, உறுதிப்பூசுதலும் (தைலம் பூசி விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கு) நற்கருணையும் பெற்றுச் சேர்வீர்கள். அதுவும் நல்ல வழிதான். ஆனால் கோபத்தில் எடுக்கிற வழியாக அது இருக்க வேண்டாம்.

'அதற்குள் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்?' என்றும் சிலர் கேட்பார்கள். உயிருக்கு ஆபத்தென்றால் இந்த வருடக் கணக்கெல்லாம் பார்ப்பதில்லை. அடிப்படை உண்மைகளை அறிந்து, விருப்பத்தைத் தெரிவித்தால் போதும், உடனே கொடுத்துவிடலாம். நீங்கள் செவிலியர் என்பதால் இதையும் சொல்லிவைக்கிறேன். சாகும் தறுவாயில் ஒருவர் திருமுழுக்குக் கேட்டு, குருவானவர் வர நேரமில்லை என்றால், திருச்சபை செய்கிறதைச் செய்யும் எண்ணத்தோடு யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாம், இன்னும் திருமுழுக்குப் பெறாத நீங்கள் உட்பட. இதைக் கேட்டு என் வகுப்பில் ஆச்சரியப்படாதவர் இல்லை.

இனி வழி எப்படிப் போகும் என்று சொல்கிறேன். முதலில் விசாரிக்கிற காலம், நீங்கள் இருப்பது அங்கேதான். எந்தக் கட்டுப்பாடும் கிடையாது, என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். மாற்கு நற்செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 16 அதிகாரம்தான், டூட்டி முடிந்து திருமங்கலம் பஸ்ஸில் உட்கார்ந்தால் வீடு வருவதற்குள் ஒரு அதிகாரம் முடியும். விவிலியம் வாங்கும்போது 73 நூல்கள் உள்ள கத்தோலிக்கப் பதிப்பா என்று பார்த்து வாங்குங்கள்.

பிறகு ஒரு நாள் கோயில் வாசலில் உங்களை நிறுத்தி, திருச்சபையிடம் என்ன கேட்கிறீர் என்று குருவானவர் கேட்பார். 'விசுவாசம்' என்பீர்கள். நெற்றியில் சிலுவை வரைவார். அடுத்து காது, கண், உதடு, மார்பு, தோள் என்று ஒவ்வொன்றிலும் திருமுழுக்கில் உங்களுக்குத் துணைநிற்கும் ஞானத்தாயோ வேதியரோ கட்டைவிரலால் சிலுவை போடுவோம். தோளுக்கு வரும்போது பலருக்குக் கண் கலங்கிவிடுகிறது. ஏன் அந்த இடத்தில் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. அன்றிலிருந்து நீங்கள் புகுமுக நிலையினர். திருச்சபை உங்களைத் தன் வீட்டுப் பிள்ளையாக எண்ணத் தொடங்கிவிடும், அந்தக் காலத்தில் இறந்துபோனாலும் கிறிஸ்தவ அடக்கம் உண்டு.

வகுப்புகள் இதற்குப் பிறகுதான் முறைப்படி நடக்கும். நம்பிக்கை அறிக்கை, பத்துக் கட்டளை, அருளடையாளங்கள் (திருமுழுக்கு, நற்கருணை போன்ற திருச்சடங்குகள்), செபம், திருப்பலி என்று போகும். தேர்வு கிடையாது. சுழற்சி ஷிப்டில் இருப்பதால் எல்லா வாரமும் வர முடியாதே என்று பயப்பட வேண்டாம். மாத டூட்டி அட்டவணையைக் கொண்டுவந்து காட்டுங்கள், வேதியர் உங்களுக்கேற்ற நாளைப் பார்ப்பார்.

ஈஸ்டருக்கு முன் வரும் நோன்புக் காலமான தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று அந்த ஆண்டு திருமுழுக்குப் பெறப்போகிறவர்களின் பெயரை எழுதிக்கொள்வார்கள். மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஞாயிறுகளில் உங்களுக்காகத் தனி மன்றாட்டு நடக்கும். அந்த மூன்று ஞாயிறும் யோவான் நற்செய்தியிலிருந்து மூன்று பேரைப் பற்றி வாசிப்பார்கள். யாக்கோபின் கிணற்றடிக்குத் தண்ணீர் எடுக்க வந்த சமாரியப் பெண், பிறவியிலேயே பார்வையில்லாதவர், கல்லறையிலிருந்து எழுந்துவந்த இலாசர். சமாரியப் பெண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். யூதர்கள் ஒட்டி உறவாடாத சமாரிய இனத்தைச் சேர்ந்தவளிடம் யூதரான இயேசு தண்ணீர் கேட்கிறார். திருமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்த உங்களுக்கு அந்தக் கிணற்றடியை நான் விளக்க வேண்டியதில்லை.

மாசி சிவராத்திரிக்கு வருகிறேன். உங்களுக்கு மிகவும் வலிக்கிற இடம் இதுதான் என்று கடிதத்தைப் படித்ததும் தெரிந்தது. பல ஆண்டுகளில் சிவராத்திரி, தவக்காலம் தொடங்குகிற நாள்களை ஒட்டியே வரும். எனவே இந்தக் கேள்வி ஒவ்வொரு வருடமும் என் முன்னால் வந்து நிற்கிறது. இந்த ஆண்டு நீங்கள் விசாரிக்கிற நிலையில் இருக்கிறீர்கள், எந்த வாக்கும் கொடுக்கவில்லை. வழக்கம்போலப் போய் வாருங்கள், மனத்தை வதைத்துக்கொள்ள வேண்டாம். புகுமுக நிலையில் சேர்ந்த பிறகு கதை வேறு. அப்போதும் குடும்பத்தோடு வேனில் ஏறலாம், அடுப்பு மூட்டலாம், நாத்தனார் குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம். பங்காளிகள் கூடுகிற இடத்தில் மருமகளாக நிற்பது பாவமில்லை. ஆனால் நேர்த்திக்கடன் வைப்பது, பூசையில் வணங்குவது, சாமியாடியிடம் குறி கேட்பது ஆகியவை அந்த வாக்கோடு சேராது. பிரசாதம் சாப்பிடலாமா என்ற சிக்கல் கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்களுக்கும் வந்தது. சிலைக்குப் படைத்த உணவால் நமக்கு ஒன்றும் ஆகிவிடாது, ஆனால் அதைப் பார்த்து இன்னொருவரின் மனச்சான்று தடுமாறினால் விட்டுவிடுங்கள் என்று பவுல் எழுதினார். முதல் கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தைப் படித்துவிட்டு உங்கள் பங்குத்தந்தையிடம் பேசுங்கள். எதுவானாலும் குலதெய்வக் கோயில் வாசலில் நின்று முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். அதைச் செய்கிற புதுக் கிறிஸ்தவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

மாமியாரிடம் சொல்லிவிடுங்கள். திருமுழுக்குக்குப் பிறகு சொல்லலாம் என்று நினைத்தால் அது தலையில் கல்லைப் போட்டது மாதிரி ஆகிவிடும். கணவர் பக்கத்தில் இருக்கும்போது, திருவிழா, விசேஷம் இல்லாத சாதாரண நாளில் சொல்லுங்கள். அவர் அழலாம், திட்டலாம். அதற்கும் சேர்த்துத்தான் இந்த ஒரு வருடம்.

கணவர் விஷயத்தில் கவலைப்பட வேண்டாம். திருமுழுக்குப் பெறாத இருவர் முறையாகச் செய்துகொண்ட திருமணத்தைத் திருச்சபை மதிக்கிறது. நீங்கள் திருமுழுக்குப் பெற்றாலும் அந்தத் திருமணம் அப்படியே நிற்கும், மறுபடி கோயிலில் கல்யாணம் தேவையில்லை. அவர் கூட வாழச் சம்மதித்தால் விட்டுப் பிரிய வேண்டாம் என்று பவுல் அதே கடிதத்தில் சொல்லியிருக்கிறார். என்றைக்காவது அவராக விரும்பித் திருமுழுக்குப் பெற்றால், அந்த நிமிடமே உங்கள் திருமணம் அருளடையாளம் ஆகிவிடும். அதை ஒரு இலக்காக வைத்துக்கொண்டு அவரை நச்சரிக்காதீர்கள்.

ஆனால் ஒரு கேள்வி. உங்கள் இருவரில் யாருக்காவது இதற்கு முன் வேறு திருமணம் நடந்திருந்ததா? இருந்தால் அதை முதல் சந்திப்பிலேயே பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். கடைசி மாதத்தில் வெளியே வந்து திருமுழுக்கே தள்ளிப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். இதில் திருச்சபை விட்டுக்கொடுக்காது என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. மறவ நாட்டுத் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் திருமுழுக்குக் கேட்டபோது, பல மனைவியரில் ஒருவரோடு மட்டும் வாழ வேண்டும் என்றார் போர்ச்சுகலிலிருந்து வந்த குருவான அருளானந்தர். தடியத்தேவர் ஒப்புக்கொண்டார். விலக்கப்பட்ட மனைவியரில் ஒருவர் அந்நாட்டை ஆண்ட சேதுபதிக்கு உறவு. புகார் அரண்மனைக்குப் போய், 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தர் தலைவெட்டப்பட்டார். அந்தக் கதையில் விலக்கப்பட்ட பெண்களின் பக்கத்தை நம் ஊர்ப் பிரசங்கங்களில் யாரும் பேசுவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

தாலி இருக்கட்டும். நம் ஊர்க் கத்தோலிக்கப் பெண்களின் கழுத்தைப் பார்த்தாலே தெரியும், பீடத்தின் முன்னால்தான் தாலி கட்டுகிறார்கள். உங்கள் தாலியில் தெய்வ உருவம் இருந்தால் அதை மட்டும் பிற்பாடு மாற்றிக்கொள்வது வழக்கம், அவசரமில்லை. பூவையும் பொட்டையும் யாரும் கேட்க மாட்டார்கள். 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியக் குரு இராபர்ட் தெ நொபிலி, கிறிஸ்தவரானவர்கள் குடுமி, பூணூல், சந்தனம் இவற்றை வைத்துக்கொள்ளலாம் என்று வழக்காடி, 1623இல் ரோமாபுரியிலிருந்து அனுமதி வாங்கிய ஊர் இது. பெயரையும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றில்லை. கிறிஸ்தவ உணர்வுக்கு முரணான பெயராக இருக்கக் கூடாது என்பதே விதி. ஒரு புனிதரின் பெயரைச் சேர்த்துக்கொள்ள விரும்பினால் திருமுழுக்குப் பதிவேட்டில் எழுதுவார்கள். உங்கள் நர்சிங் கவுன்சில் பதிவிலும் ஆதாரிலும் பழைய பெயரே இருக்கலாம்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். இதில் இனிப்புத் தடவிப் பேச எனக்கு மனமில்லை. 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினராக முடியும். 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. நீங்கள் கிறிஸ்தவரானால் பட்டியல் சாதிச் சலுகைக்குச் சட்டப்படி உரிமை போய்விடும். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். இந்த அநியாயத்துக்கு எதிராகத் திருச்சபை ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு தினமாகக் கடைப்பிடிக்கிறது. 'ஞாயிறு கோயிலுக்குப் போ, சான்றிதழில் இந்து என்றே வைத்துக்கொள்' என்று உங்களுக்கு யோசனை சொல்ல ஆள் வருவார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்வதை ஏற்க மறுத்துவிட்டது. அந்த யோசனையை நான் சொல்ல மாட்டேன். உங்கள் வேலை இட ஒதுக்கீட்டில் கிடைத்ததல்ல என்றாலும், மகளின் படிப்பு இருக்கிறது. ஒரு வழக்கறிஞரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். விலை தெரியாமல் முடிவெடுக்க வேண்டாம்.

திருமுழுக்கோடு சாதி போய்விடும் என்றும் நம்பி வராதீர்கள். கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதி பார்த்துச் சுவர் எழுப்பிய கிறிஸ்தவர்கள் இந்தத் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அது கிறிஸ்துவின் போதனை அல்ல, எங்கள் வெட்கம். சேர்ந்த பிறகு கண்டு மனம் உடைவதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

மகளை இப்போது இழுக்க வேண்டாம். ஏழு வயது நிறைந்த பிள்ளையைத் திருச்சபை விவரம் தெரிந்தவராகக் கருதுகிறது. அவளும் தானாக விரும்ப வேண்டும், தன் வயதுக்கேற்பத் தயாராக வேண்டும், அவள் அப்பாவும் சம்மதிக்க வேண்டும். முதலில் நீங்கள் முடியுங்கள்.

நற்கருணை வாங்கியதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். தெரியாமல் செய்தது. பங்குத்தந்தையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, திருமுழுக்கு வரை மற்றவர்கள் வரிசையில் போகும்போது இருக்கையிலேயே இருங்கள். முதல் நற்கருணைக்கு முன், குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனமும் உங்களுக்குத் தேவைப்படாது. திருமுழுக்கே எல்லாப் பாவத்தையும் கழுவிவிடுகிறது. குழந்தையிலேயே திருமுழுக்குப் பெற்ற எங்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

உங்கள் திருமுழுக்கு நடக்கப்போகும் புனித சனி இரவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு முந்தைய இரவுக்கு, இப்போதே திட்டமிடுங்கள், ஏனென்றால் அன்று நைட் டூட்டி விழுந்தால் மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்காது. கோயிலுக்கு வெளியே இருட்டில் தீ மூட்டி, பாஸ்கா மெழுகுதிரி ஏற்றி உள்ளே போவார்கள். வாசகங்கள் நீளம். அதன் பிறகு புனிதர்களின் மன்றாட்டு, தண்ணீர் மந்திரிப்பு, அலகையை (சாத்தானை) விட்டுவிடுகிறீர்களா என்ற கேள்விகள். குனிந்து நிற்க, தலையில் மூன்று முறை தண்ணீர் விழும். நல்ல வாய் அகன்ற குடமாக இருந்தால் முதுகு வரை நனைந்துவிடும். பட்டுப்புடவை வேண்டாம், வெள்ளைப் பருத்திப் புடவை போதும், ஒரு துண்டும் எடுத்துவாருங்கள். பேராயர் புனித வாரத்தில் மந்திரித்துக் கொடுத்த கிறிஸ்மா தைலத்தால் பங்குத்தந்தையே அன்றிரவு உறுதிப்பூசுதலும் கொடுத்துவிடுவார். அந்த நறுமணம் மறுநாள் தலை குளிக்கும்வரை போகாது. அதே திருப்பலியில் முதல் நற்கருணை. அதன் பிறகும், ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தகோஸ்து விழா வரை வகுப்புக்கு வர வேண்டும், அநேகம் பேர் ஈஸ்டரோடு நின்றுவிடுகிறார்கள்.

ஞானத்தாயை இப்போதிருந்தே தேடுங்கள். 16 வயது நிறைந்து, உறுதிப்பூசுதல் பெற்ற, கோயிலுக்கு ஒழுங்காகப் போகிற கத்தோலிக்கராக இருக்க வேண்டும். பணக்காரரையோ பங்குப் பேரவைத் தலைவரையோ கேட்காதீர்கள். ராத்திரி பதினொரு மணிக்கு நீங்கள் போன் செய்தால் எடுக்கிறவராக இருந்தால் போதும். யாரையும் தெரியாதென்றால், பங்குத்தந்தையைப் பார்க்கும்போது உங்கள் கிராமம் எந்த அன்பியத்தில் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் குழு) வருகிறது என்று கேட்டு, அந்த வாரக் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். டீயும் சுண்டலும் கொடுப்பார்கள், உங்களை யாரென்று கேட்பார்கள். அங்கேயிருந்து ஒருவர் கிடைப்பார்.